குழந்தையோட கிட்னிக்கு வேற கணக்கு

கிரியாட்டினின் 1.0ன்னு லேப் பேப்பர்ல வந்து, பக்கத்துலயே நார்மல் 0.6 - 1.2ன்னு அச்சடிச்சிருந்தா நாம என்ன பண்ணுவோம், அப்பாடான்னு மடிச்சு பைல வச்சிகிட்டு பஸ் ஏறிடுவோம். ஆனா அந்த 0.6 - 1.2 வளந்தவங்களுக்கு போட்டது. கிரியாட்டினின்ங்கறது சதைலேர்ந்து வர்ற கழிவு, நாலு வயசு புள்ளைக்கு உடம்புல சதை எவ்ளோ இருந்துடப்போவுது, அதுக்கு 0.3, 0.4 இப்படித்தான் இருக்கணும். குழந்தைங்க கிட்னி டாக்டர் ஒரு கணக்கு போடுவாங்க. உசரத்தை சென்டிமீட்டர்ல அளந்து, 0.413ஆல பெருக்கி, கிரியாட்டினினால வகுப்பாங்க, கிட்னி எவ்ளோ வேல செய்யுதுங்கற நம்பர் வரும். 98 செ.மீ. உசரத்துக்கு 1.0ன்னா 40 வரும். 90க்கு மேல இருக்க வேண்டிய இடத்துல 40. பாதிக்கு மேல போயாச்சு, பேப்பர் மட்டும் நார்மல்ங்குது.

எங்க அண்ணன் பையனுக்கு இதேதான் நடந்துச்சு. அவன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், எழுதுங்க அத்தை ஆனா பேரு போடாதீங்கன்னு சொல்லிட்டான், அதனால இங்க அவன் மருமவன்தான். இப்ப பத்தாவது படிக்கிறான். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவனுக்கு கிட்னி மாத்துனாங்க, குடுத்தது எங்க அண்ணி. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கத்துலேர்ந்து யார் யாரோ நம்பர் வாங்கி எனக்கு போன் பண்றாங்க, எங்க புள்ளைக்கும் இப்படி சொல்றாங்கம்மா நீங்க என்ன பண்ணீங்கன்னு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அரைகுறையா சொல்றதுக்கு பதிலா ஒரே தடவையா எழுதிடலாம்னுதான் இது. நான் டாக்டர் இல்ல, ஸ்கூல் டீச்சர், ஆனா இத்தன வருஷமா கூடவே இருந்து கேட்டு கேட்டு தெரிஞ்சிகிட்டது.

பெரியவங்களுக்கு கிட்னி போச்சுன்னா அதிகமா சுகர், பிபின்னு எல்லாருக்கும் தெரியும். குழந்தைக்கு எப்படி போவும்னுதான் எல்லாரும் கேக்கறாங்க, என்ன சாப்பாடு குடுத்தீங்க, பாக்கெட் சிப்ஸ் குடுத்தீங்களான்னு எங்க அண்ணிய கேக்காத ஆளு இல்ல. சாப்பாட்டால இல்லங்க. பாதி பேருக்கு வயித்துல இருக்கும்போதே கிட்னியோ மூத்திரப் பாதையோ சரியா உருவாகாம போறதுதான் காரணம். மீதில மூத்திரத்துல புரதம் போற நெஃப்ரோட்டிக் மாதிரி நோய் வந்து ஸ்டீராய்டுக்கு கேக்காம போறது, பரம்பரையா வர்றது, இப்படி பல இருக்கு. எங்க மருமவனுக்கு மூத்திரக் குழாய்க்குள்ள பொறக்கும்போதே ஒரு சவ்வு, வால்வுன்னு சொல்வாங்க, ஆம்பள புள்ளைங்களுக்கு மட்டுந்தான் வரும். அது வழிய அடைச்சிகிட்டதால மூத்திரம் முழுசா வெளிய வராம பின்னாடியே தள்ளி மூத்திரப் பையும் கிட்னியும் வீங்கி கெட்டுப்போச்சு. ஏழாம் மாச ஸ்கேன்லயே ரெண்டு கிட்னிலயும் நீர் கோத்திருக்குன்னு எழுதியிருந்துச்சாம், அத யாரும் எங்க அண்ணிகிட்ட எடுத்துச் சொல்லல.

அறிகுறி எல்லாம் கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு, நோய்னு தெரியல அவ்ளோதான். ஒண்ணுக்கு போனா வேகமா பாயாம சொட்டு சொட்டா, முக்கி முக்கி போவான். ட்ரவுசர் எப்பவும் ஈரமா இருக்கும். ராத்திரில ரெண்டு மூணு தடவ எழுந்து தண்ணி கேப்பான். அடிக்கடி குளிர்க்காய்ச்சல் வரும், ஊசி போட்டா நிக்கும். தெருவுல அவன் வயசு புள்ளைங்க எல்லாம் ஒரு ஜாண் உசந்துடுச்சு, இவன் அப்படியே இருந்தான், குள்ளமா இருக்கறது எங்க வழி, தாத்தா மாதிரின்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. ஒரு புள்ள வருஷம் பூரா வளரலன்னா அது எந்த வழியும் இல்லங்க, காட்டிடணும், முக்கியமா மூத்திரத்த டெஸ்ட் பண்ணி, பிபி பாத்து, வயித்து ஸ்கேன் எடுக்கணும். ஆம்பள கொழந்த பொறந்தா ஒண்ணுக்கு போற வேகத்த தாய்மாருங்க கவனிக்கணும், இதுக்கு செலவே இல்ல.

பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில காட்டுனப்பதான் ஒரு லேடி டாக்டர் அவன செவுத்துல நிக்க வச்சு உசரம் அளந்து, மேல சொன்ன கணக்க ஒரு சீட்டுல போட்டு அண்ணன்கிட்ட காட்டுனாங்க. அங்கேர்ந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது. சவ்வ உள்ள ட்யூப் விட்டு எடுத்துட்டாங்க, அது சின்ன வேலைதான், ஆனா அதுக்குள்ள கெட்டுப்போன கிட்னி திரும்ப வரல. எவ்ளோ நாளைக்கு தள்ளிப்போட முடியுமோ தள்ளிப்போடுவோம், பையன் வளர்ற வரைக்கும்னு சொன்னாங்க. அப்படியே அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடுச்சு, பிபி மாத்திரை, எலும்புக்கு, சோடா உப்பு மாத்திரை, ரத்தத்துக்கு ஊசின்னு.

ரத்தத்த பத்தி ஒண்ணு சொல்லணும், இது நெறைய பேருக்கு தெரியல. புள்ள வெளிறிப்போய் ஹீமோகுளோபின் 7க்கு வந்தவுடனே சொந்தக்காரங்க எல்லாம் ரத்தம் ஏத்துங்க ரத்தம் ஏத்துங்கன்னு சொல்லுவாங்க, குடுக்கவும் ரெடியா நிப்பாங்க. ஆனா நாளைக்கு கிட்னி மாத்தப்போற புள்ளைக்கு அவசியம் இல்லாம ரத்தம் ஏத்தக் கூடாது. வேத்து ஆளு ரத்தம் உள்ள போனா உடம்பு அதுக்கு எதிரா ஆன்ட்டிபாடி உண்டாக்கி வச்சிக்கும், அப்புறம் பொருந்துற கிட்னி கிடைக்கறதே கஷ்டமாயிடும். அதனால முடிஞ்ச வரைக்கும் இரும்புச் சத்தும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் போட்டு ஏத்துவாங்க. உயிருக்கு ஆபத்துன்னா ஏத்தித்தான் ஆவணும், அது டாக்டர் முடிவு. தடுப்பூசியும் அப்படித்தான், அம்மை, தட்டம்மை மாதிரி உயிருள்ள கிருமி வச்ச ஊசிங்கள மாத்தறதுக்கு முன்னாடியே போட்டு முடிச்சிடணும், மாத்துனதுக்கப்புறம் வழக்கமா போட மாட்டாங்க.

சாப்பாடு, அதான் எங்க வீட்ல பெரிய போராட்டமா இருந்துச்சு. கிட்னி வேல செய்யலன்னா பொட்டாசியம் வெளிய போவாது, ரத்தத்துல ஏறுனா இதயமே நின்னுடும். எங்க அண்ணி ஊரு பண்ருட்டி பக்கம். அங்க என்ன இருக்கு, பலாப்பழம், முந்திரி, மல்லாட்டை, கொல்லைக்கு போனா எளநீ. நாலும் கூடாது! சித்திரை வைகாசில பாட்டி வீட்டுக்கு போனா வாசல்லயே பலாச்சுளை வாசனை தூக்கும், புள்ள எச்சில முழுங்கிகிட்டு நிப்பான், அவங்க அம்மாச்சி ஒரே ஒரு சொளைம்மான்னு கெஞ்சும். கருவாடு உப்புங்கறதால கூடாது, எங்க வீட்ல கருவாட்டு கொழம்பு வைக்கறதையே விட்டுட்டோம், அவனுக்கு மட்டும் இல்லன்னு சொல்ல மனசு வரல. காய நறுக்கி நெறைய தண்ணில கொதிக்க வச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு அப்புறம் தாளிக்கணும். பருப்பு அளந்து, பாலு அளந்து. ஆனா பெரியவங்களுக்கு சொல்ற மாதிரி புள்ளைக்கு சாப்பாட்ட ஒரேயடியா கொறச்சிடவும் கூடாது, வளர்ற உடம்பு, சத்து கம்மியானா வளர்த்தி இன்னும் நின்னுடும். அதுக்காகத்தான் டயட்டீஷியன்கிட்ட போவச் சொல்றாங்க, யூட்யூப் பாத்து பத்தியம் வைக்காதீங்க.

ஒம்போது முடிஞ்சு பத்து நடக்கும்போது அந்த கணக்குல கிட்னி 15க்கு கீழ வந்துடுச்சு. டயாலிசிஸ்னா எல்லாருக்கும் தெரிஞ்சது மிஷின்ல ரத்தம் சுத்தம் பண்றது, வாரத்துக்கு மூணு நாள், தடவைக்கு நாலு மணி நேரம். சின்ன புள்ளைங்களுக்கு முடிஞ்சா வயித்து டயாலிசிஸ்தான் நல்லதுன்னு சொல்வாங்க, வயித்துல ஒரு ட்யூப் வச்சு அது வழியா திரவத்த விட்டு சில மணி நேரம் கழிச்சு எடுக்கறது, வீட்லயே பண்ணலாம், ஸ்கூலுக்கும் போவலாம். அண்ணன் வீட்ல ஒரு ரூம வெள்ளையடிச்சு ஃபேன நிறுத்தி கதவ சாத்தி முகத்துல மாஸ்க் போட்டு அண்ணிதான் பண்ணும், ஒரு நாளைக்கு நாலு வேள. வெளிய வர்ற தண்ணி கலங்கலா இருந்தா உடனே ஆஸ்பத்திரி, அது வயித்துல கிருமி போயிடுச்சுன்னு அர்த்தம். டயாலிசிஸே ஆரம்பிக்காம நேரா கிட்னி மாத்தறதும் உண்டு, குழந்தைங்களுக்கு அதான் ரொம்ப நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்க. எங்களுக்கு அது அமையல, ஏன்னா அவனோட மூத்திரப் பைய முதல்ல சரி பண்ண வேண்டியிருந்துச்சு. அத்தன வருஷம் அழுத்தத்துல இருந்த பை தடிச்சுப்போய் தானா காலியாவாது. கெட்ட பைல நல்ல கிட்னிய இணைச்சா அந்த கிட்னியும் அதே வழிலதான் கெடும். அதனால ட்யூப் போட்டு மூணு மணி நாலு மணிக்கு ஒரு தடவ அவனே மூத்திரத்த எடுக்கக் கத்துக்குடுத்தாங்க. பத்து வயசு புள்ள அத கத்துகிட்டான்.

சரி, யார் குடுக்கறது. சட்டம் 1994ல வந்தது, 2011ல திருத்துனாங்க. அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க இவங்களோட தாத்தா பாட்டியும் நெருங்குன சொந்தம்னு அந்த திருத்தத்துலதான் சேத்தாங்க. அத்தை, மாமா, சித்தப்பா எல்லாம் அந்த பட்டியல்ல இல்ல, குடுக்கணும்னா தனி கமிட்டி முன்னாடி போவணும், பணத்துக்கு குடுக்கலன்னு நிரூபிக்கணும். எங்கப்பா முதல்ல கைய தூக்குனாரு, ஆனா அவருக்கு சுகர், வேணாம்னுட்டாங்க. அண்ணனுக்கு ரத்த குரூப் பி, பையன் ஓ. அண்ணியும் ஓ, அதுதான் பொருந்துச்சு. அதோட முடிஞ்சுது பேச்சு, எல்லாரும் அண்ணிய பாத்தாங்க.

இந்த இடத்துல எனக்கு ஒரு கோவம் இருக்கு, இன்னமும் இருக்கு. நம்ம நாட்ல உயிரோட கிட்னி குடுக்கறவங்கள்ல பொம்பளைங்கதான் அதிகம். அம்மான்னா குடுப்பா, அதுல கேக்கறதுக்கு என்ன இருக்குன்னு ஒரு நெனப்பு. எங்க வீட்லயும் யாரும் அண்ணிகிட்ட வாயத் திறந்து கேக்கல, அது குடுக்கும்னு முடிவே பண்ணிட்டாங்க. அண்ணியோட அம்மா மட்டுந்தான், சின்னவ இன்னும் ஒண்ணாவது படிக்கறா, உனக்கு ஏதாச்சும் ஆனா அவள யாரு பாப்பான்னு அழுதுச்சு, அத எல்லாரும் கெட்டவங்களாக்கிட்டாங்க. பெத்த பொண்ணுக்காக அழுதது தப்பா? சென்னைல ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரில ஒரு டாக்டர் எங்கள எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு அண்ணிய மட்டும் உக்கார வச்சு கேட்டாங்களாம், உங்களுக்கு இஷ்டம்தானா, வேணாம்னா சொல்லுங்க, உடம்பு பொருந்தலன்னு நாங்க சொல்லிக்கறோம், வீட்ல யாருக்கும் தெரியாதுன்னு. அண்ணி குடுக்கறேன்னுதான் சொல்லியிருக்கு. ஆனா கல்யாணம் ஆனதுலேர்ந்து என்கிட்ட இஷ்டமான்னு ஒருத்தர் கேட்டது அன்னிக்குதான்னு என்கிட்ட பின்னாடி சொல்லுச்சு. அந்த டாக்டர எனக்கு ரொம்ப புடிக்கும்.

ஆபரேஷன பத்தி எல்லாரும் கேக்கற கேள்வி, அவ்ளோ பெரிய கிட்னி இவ்ளோ சின்ன வயித்துல எப்படின்னு. பத்து கிலோ தாண்டுன புள்ளைக்கே பெரியவங்க கிட்னிய வைக்கறாங்க. பழைய கிட்னிய வழக்கமா எடுக்க மாட்டாங்க, புதுச அடிவயித்துல ஒரு பக்கமா வச்சு அங்க இருக்கற பெரிய ரத்தக் குழாயோட தைப்பாங்க. ரொம்ப சின்ன புள்ளைன்னா உடம்போட மெயின் குழாயிலேயே தைக்கணும். கஷ்டம் எங்கன்னா, பெரியவங்க கிட்னி குடிக்கற ரத்தம் ஜாஸ்தி, புள்ள உடம்புல இருக்கற ரத்தமே கொஞ்சம், தையல் முடிஞ்சு ரத்தத்த திறந்து விடும்போது பிரஷர் சடார்னு எறங்கிடும், அதனால மயக்க டாக்டர் முன்கூட்டியே தண்ணி ஏத்தி பிரஷர தூக்கி வச்சிருக்கணும். எங்களுக்கு தியேட்டர்லேர்ந்து வந்து சொன்ன முதல் வார்த்தையே மூத்திரம் வந்துடுச்சுன்னுதான். எங்கண்ணன் தரையில உக்காந்துட்டாரு.

1952ல பாரிஸ்ல மாரியுஸ் ரெனார்னு ஒரு 16 வயசு பையன், இருந்ததே ஒரே கிட்னி, கீழ விழுந்து அதுவும் போயி, அவங்க அம்மாவோட கிட்னிய வச்சாங்க. மூணு வாரம் நல்லா வேல செஞ்சு அப்புறம் உடம்பு அத ஒதுக்கிடுச்சு, பையன் போயிட்டான். 1954ல பாஸ்டன்ல ஜெயிச்சது ஏன்னா குடுத்தவரும் வாங்குனவரும் ஒரே கருவுல பொறந்த ரெட்டைப் புள்ளைங்க, உடம்புக்கு வித்தியாசமே தெரியல. நம்ம வேலூர் சிஎம்சில 1971ல பண்ணாங்க. அந்த பாரிஸ் அம்மாவுக்கும் எங்க அண்ணிக்கும் நடுவுல இருக்கறது என்னன்னா மாத்திரைதான். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு. உடம்பு புது கிட்னிய எதிரின்னு நெனச்சு அடிக்காம அடக்கி வைக்கறது. இத நான் சொல்றதுக்கு காரணம், ஆபரேஷன் முடிஞ்சுது இனிமே நல்லாயிடுச்சு, எதுக்கு இத்தன மாத்திரை, சித்த வைத்தியம் பாக்கலாம்னு வந்து சொல்றவங்க இருக்காங்க. மாத்திரை நின்னா கிட்னி நின்னுடும். நாட்டு மருந்து, கடைல கேட்டு வாங்கற வலி மாத்திரை எதுவுமே டாக்டர கேக்காம கூடாது.

செலவ பத்தி சுருக்கமா. முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல கிட்னி மாத்தறது வரும், கார்டு கைல இருக்கணும். கடலூர் ஜில்லாக்காரங்க பாண்டிச்சேரிக்கு போனா அது வேற மாநிலம்ங்கறத ஞாபகம் வச்சிகிட்டு அந்த ஆஸ்பத்திரில கார்டு செல்லுமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. ஜிப்மர்லயும் கிட்னி மாத்தறாங்க. எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரில குழந்தைங்க கிட்னிக்குன்னே தனி பிரிவு இருக்கு.

மாத்துனதுக்கப்புறம் முதல் சந்தோஷம் என்ன தெரியுமா, சாப்பாடு. பலாச்சுளை சாப்பிடலாம்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு அம்மாச்சி ஒரு முழுப்பழத்தையே அனுப்பிடுச்சு. அப்புறம் அவன் வளந்தான், சட்டை எல்லாம் பத்தாம போச்சு. முன்னாடி தண்ணி அளந்து குடிச்சவன் இப்ப ஒரு நாளைக்கு ரெண்டரை மூணு லிட்டர் குடிக்கணும், நேரத்துக்கு போய் ட்யூப் போடணும். டீச்சரா சொல்றேன், கிளாஸ்ல ஒரு புள்ள பாத்ரூம் போவணும்னு கேட்டா அனுப்பிடுங்க, காரணம் கேட்டு நிக்க வைக்காதீங்க, அந்த புள்ள எல்லார் முன்னாடியும் சொல்ல முடியாத காரணம் இருக்கும். சுத்தமா, தாழ்ப்பாள் இருக்கற ஒரு பாத்ரூம் ஸ்கூல்ல இருந்தா இந்த மாதிரி புள்ளைங்க பாதி கவலை தீர்ந்துடும். கபடி வேணாம், வயித்துல அடி படும். கிரிக்கெட் ஆடறான்.

இப்ப அவன் கிரியாட்டினின் 0.9. உசரம் 150. கணக்கு போட்டா கிட்டத்தட்ட 69, மாத்துன கிட்னிக்கு நல்ல நம்பர். மாத்துன புதுசுல 0.5 இருந்துச்சு, ஏறிகிட்டே போவுதேன்னு அண்ணி பயந்துச்சு, பையன் வளர வளர சதை கூடறதால கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஆனா சடார்னு ஏறக்கூடாதுன்னு டாக்டர் வரைபடம் போட்டு காட்டுனாங்க.

ஆனா எங்களுக்கு இப்பதான் பயமே ஜாஸ்தி. உலகம் பூரா பாத்ததுல மாத்துன கிட்னிய அதிகமா இழக்கறது சின்ன குழந்தைங்க இல்ல, பதிமூணு பதினாலுலேர்ந்து இருபது சொச்சம் வரைக்கும் இருக்கற புள்ளைங்கதான். சின்னதுல அம்மா வாயில போட்டு விடுவா. இந்த வயசுல நாமளே கேட்டா எரிச்சல் வருது, ஸ்டீராய்டால முகம் உப்பியிருக்குன்னு கூடப்படிக்கறவன் ஏதோ சொல்லிட்டான்னு மாத்திரைய ஒதுக்கிடுதுங்க. காலைல எட்டு ராத்திரி எட்டு, ராத்திரி எட்டுக்கு அவன் ட்யூஷன்ல இருப்பான். போன வருஷம் டாக்ரோலிமஸ் லெவல் கம்மியா வந்துச்சு. பெரும்பாலும் வலிக்காது, காய்ச்சல் வராது, உடம்பு கிட்னிய ஒதுக்க ஆரம்பிச்சா வெளிய ஒண்ணும் தெரியாது, ரத்தத்துலதான் தெரியும். வீட்ல ரெண்டு நாள் ஒரே சத்தம், அம்மா அறுத்து குடுத்தத தூக்கி போடறியான்னு அண்ணன் கத்துனாரு. அந்த வார்த்தைய சொல்லவே கூடாதுன்னு நான் நெனைக்கறேன், புள்ள தலைல அவ்ளோ பெரிய கடன ஏத்தக்கூடாது. டாக்டர் திட்டல. உனக்கு எந்த நேரம் கஷ்டமா இருக்குன்னு கேட்டாங்க. ட்யூஷன்ல எல்லார் முன்னாடியும் டப்பாவ திறக்க கூச்சமா இருக்குன்னு சொல்லியிருக்கான். ஏழு - ஏழுன்னு மாத்திட்டாங்க, கெளம்பறதுக்கு முன்னாடியே போட்டுட்டு போறான். இப்ப அவன் மட்டும் தனியா உள்ள போய் டாக்டர்கிட்ட பேசறான், நாங்க வெளிய உக்காந்திருப்போம்.

இது ஆயுசுக்கும் வருமான்னு கேக்காதவங்க இல்ல. வராது. உயிரோட ஒருத்தர் குடுத்த கிட்னி நல்லா பாத்துகிட்டா பதினஞ்சு இருபது வருஷம், சிலருக்கு இன்னும் மேல. அப்படின்னா அவனுக்கு இன்னொன்னு வேண்டியிருக்கும், அப்ப குடுக்கறதுக்கு வீட்ல ஆளு இருக்க மாட்டாங்க, மூளைச்சாவு ஆன யாரோ ஒருத்தர்கிட்டேர்ந்துதான் வரணும். 2008ல திருக்கழுக்குன்றத்துல ஹிதேந்திரன்னு ஒரு பையன், பைக் ஆக்சிடென்ட்ல மூளைச்சாவு ஆனப்ப டாக்டர்களா இருந்த அவங்க அப்பா அம்மா உறுப்புங்கள குடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் நம்ம ஊர்ல இது பரவலா பேசற விஷயமாச்சு. இப்ப குடுத்தவங்களுக்கு அரசு மரியாதையோட அடக்கம் பண்றாங்க, 2023லேர்ந்து. நானும் என் வீட்டுக்காரரும் எங்க ரெண்டு பசங்ககிட்டயும் உக்காந்து சொல்லிட்டோம், அப்படி ஒரு நிலைமை வந்தா குடுத்துடுங்கன்னு. உறுப்பு தான கார்டு வச்சிருந்தாலும் அந்த நேரத்துல சரின்னு சொல்ல வேண்டியது வீட்ல இருக்கறவங்கதான், அதனால அவங்க காதுல போட்டு வைக்கணும்.

அண்ணி நல்லாருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ பிபி, மூத்திரத்துல புரதம், கிரியாட்டினின் பாக்கணும், புள்ளைக்கு பாக்கற அன்னிக்கே அதுக்கும் பாத்துடுங்கன்னு நான்தான் பின்னாடியே நிப்பேன், இல்லன்னா எனக்கென்னன்னு விட்டுடும்.

கடைசியா எங்க ஊருக்குன்னு ஒண்ணு. 2011 தானே புயல்லேர்ந்து 2024 ஃபெஞ்சல் புயல் வரைக்கும் நாம பாத்துட்டோம், மழை வந்தா ரோடு இருக்காது, கரண்ட் இருக்காது. ஃபெஞ்சல் அப்ப தென்பெண்ணைல தண்ணி வந்து அண்ணன் வீட்டு பக்கம் மெடிக்கல் ஷாப் எல்லாம் மூடிட்டாங்க, டாக்ரோலிமஸ் சாதாரண நாள்லயே எல்லா கடைலயும் கிடைக்காது. அதனால ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு மாச மாத்திரை கூடுதலா வாங்கி தண்ணி போவாத டப்பால போட்டு மேல வச்சிடுங்க. சீட்ட போன்ல போட்டோ எடுத்து வச்சிகிட்டு வெளியூர்ல இருக்கற ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பிடுங்க. வெள்ளத் தண்ணில புள்ளைய கால வைக்க விடாதீங்க, எலிக்காய்ச்சல் வந்தா இவங்க உடம்பு தாங்காது, தண்ணி காய்ச்சித்தான் குடுக்கணும். ட்யூப் போடற புள்ளைன்னா அதையும் ஒரு செட் சேத்து வைங்க. டயாலிசிஸ்ல இருக்கற புள்ளைன்னா மழை அறிவிப்பு வந்த அன்னிக்கே சென்டருக்கு போன் போட்டு முன்னாடியே ஒரு தடவ பண்ணிட முடியுமான்னு கேளுங்க, வயித்து டயாலிசிஸ்னா திரவ பை எத்தன நாளைக்கு இருக்குன்னு எண்ணி பாத்துட்டு இப்பவே ஆர்டர் போட்டுடுங்க.